வீடியோ கண்ணாடிய மூக்குக்காக யாராச்சும் டிசைன் பண்ணுங்கப்பா

மூக்குத்தடம்:
எல்லாருக்கும் வணக்கம். வீடியோ கண்ணாடி ஒண்ணு வாங்கி ஆறு மாசம் ஆச்சு, போன்ல ஒயர சொருகினா கண்ணு முன்னாடி டிவி மாதிரி படம் நிக்குமே அந்த ரகம், எந்த கம்பெனின்னு சொல்லல ஏன்னா எங்கிட்ட இருக்குறதுல உள்ள தொல்லை முக்காவாசி எல்லாத்துலயும் இருக்கு. படம் சூப்பர், அதுல குறையே இல்ல. ஆனா ஒரு படத்தை முழுசா பாத்து முடிச்சது கிடையாது. முக்கா மணி நேரம், அவ்ளோதான், மூக்குல ரெண்டு பக்கமும் செவப்பா பள்ளம் விழுந்துருது, கழட்டி வச்சுட்டு தேச்சிட்டு உக்காந்திருப்பேன், வீட்டுக்காரி பாத்துட்டு யாரு கிள்ளினதுன்னு கேக்குறா. இடைவேளை வரைக்கும் தியேட்டர், அதுக்கப்பறம் மீதிய போன்லயே பாக்குறேன், இதுக்கா இவ்ளோ காசு குடுத்தேன்?

சரி, உங்க கைல டிசைன குடுத்தா எதை மாத்துவீங்க? ஸ்க்ரீன பெருசாக்கணும்னு சொல்றவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க ப்ளீஸ்.

ரெண்டாம்பெஞ்ச்:
தள்ளி எல்லாம் நிக்க முடியாது ப்ரோ :) ஸ்க்ரீன் பெருசாக்கணும். இப்ப இருக்கறது 46 டிகிரி, 50 டிகிரி (படம் கண்ணு முன்னாடி மூலைக்கு மூலை அடைக்கிற கோணம்), ஒரு ஜன்னல் வழியா எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு. அட்டைப் பெட்டில 130 இன்ச்னு போடுறான், மாட்டிப் பாத்தா எங்கடா 130 இன்ச்சுன்னு தேட வேண்டியிருக்கு. 70 டிகிரி குடுக்கட்டும், மூக்கு வலியெல்லாம் மறந்துரும்.

கோவை_லேத்:
அந்த 130 இன்ச் கதைய முதல்ல முடிச்சிரலாங்க. அது பொய் இல்ல, ஆனா "4 மீட்டர் தூரத்துல" அப்படின்னு பொடி எழுத்துல கீழ போட்டிருப்பான். 46 டிகிரின்னா 4 மீட்டர்ல 130 சொச்சம் இன்ச், அதே 46 டிகிரி 2 மீட்டர்ல 65 இன்ச் டிவி, 40 செண்டிமீட்டர்ல வெறும் 13 இன்ச் லேப்டாப். மூணும் கண்ணுக்கு ஒரே அளவு தானுங்க. மடில வச்சிருக்கற லேப்டாப்ப கொஞ்சம் கிட்ட இழுத்தா உங்க 130 இன்ச் வந்துருச்சு. தேடினா கெடைக்காது.

இப்ப பெருசாக்கற விசயம். உள்ள படம் காட்டற குட்டி பேனல் 1920 புள்ளி (பிக்சல்) அகலம். 46 டிகிரி மூலைக்கு மூலைன்னா அகலவாட்டுல 40 டிகிரி கிட்ட வரும், ஆக ஒரு டிகிரிக்கு 47 புள்ளி. நல்ல பார்வை இருக்கறவங்க கண்ணு 60 வரைக்கும் பிரிச்சுப் பாக்கும்னு கணக்கு. இதையே 57 டிகிரிக்கு இழுத்தா அகலம் 50 டிகிரி ஆயிருது, புள்ளி 38க்கு எறங்கிருது. பேனல மாத்தாம ஸ்க்ரீன பெருசாக்கறது மாவுல தண்ணி ஊத்தற மாதிரிங்க, தோசை நிறைய வரும், ருசி வராது. படம் பாக்கறதுக்கு 38 போதும். நான் இதுல வேலை பாக்கறவன், தமிழ்ல டைப் பண்றப்ப எழுத்து சின்னதா இருந்தா மெய்யெழுத்து மேல வைக்கற புள்ளி காணாமப் போயிருது, க வா க் கா ஒண்ணும் தெரியாது. இங்கிலீசுக்கு இந்தப் பிரச்சனை கம்மி.

ரெண்டாம்பெஞ்ச்:
அப்ப பேனலையும் மாத்தட்டும். 4கே போடட்டும்.

கோவை_லேத்:
போடலாம், காசு இருக்கு கரண்ட்டு இருக்குன்னா. அதோட ஒண்ணு, கோணம் பெருசானா லென்ஸும் பெருசாகும், கண்ணு கொஞ்சம் நகந்தாலும் படம் வெட்டுப்படாம இருக்கணும்னா இன்னும் பெருசாகும். அப்பறம் அந்த கனத்த எங்க வைப்பீங்க? மறுபடி மூக்குல. இழை ஆரம்பிச்சவர் அங்கதான் உக்காந்து அழுதுட்டு இருக்காரு.

கண்ணாடிக்கடை:
தம்பிகளா, நான் மதுரைல பதினெட்டு வருசமா கண்ணாடிக் கடை வச்சிருக்கேன், கண்ணு டெஸ்ட் பண்றதும் நான்தான். இந்த சாமான ரெண்டு மூணு பேரு கொண்டாந்து "அக்கா மூக்குல உக்கார மாட்டேங்குது, கொஞ்சம் வளைச்சு குடுங்க"ன்னு கேட்டிருக்காங்க. வளைக்க முடியாது. அதான் பிரச்சனையே.

சாதா கண்ணாடி 25, 30 கிராம் இருக்கும். அது எறங்காம நிக்கிறது மூக்கால மட்டும் இல்ல, காதுக்குப் பின்னாடி கம்பி வளைஞ்சு கொக்கி மாதிரி பிடிக்கும். ஒவ்வொருத்தருக்கும் காது எங்க இருக்கு, ஒரு காது மேல ஒரு காது கீழயா, எல்லாம் பாத்து, ஹீட்டர்ல காட்டி, கையால வளைச்சு தான் குடுப்போம். பத்து நிமிச வேலை, ஆனா அந்தப் பத்து நிமிசம் தான் கண்ணாடி, மத்ததெல்லாம் ப்ளாஸ்டிக்கு. இந்த வீடியோ கண்ணாடில காலுக்குள்ள, அதாவது காதுக்குப் போற அந்தக் கம்பிக்குள்ள, ஸ்பீக்கரு, போர்டு எல்லாம் இருக்கு. கால் நேரா விரைச்சுக்கிட்டு நிக்கும், காதைப் பிடிக்காது, சூடு காட்டினா செத்துரும். மொத்த வெயிட்டும் மூக்குத்தண்டுல ரெண்டு சின்ன சிலிக்கோன் பேடு மேல. அதுவும் பெட்டில சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு சைஸ் போட்டு அனுப்பிட்டா ஊர்ல உள்ள மூக்கு எல்லாம் மூணுக்குள்ள அடங்கிருமா?

அதுக்காக ஃப்ரேம நெகிழ்வா பண்ணவும் கூடாது, இது பல பேருக்குத் தெரியாது. ரெண்டு கண்ணுக்கும் தனித்தனி படம் வருது. ஃப்ரேம் லேசா முறுக்கி ஒரு படம் மேல, ஒண்ணு கீழன்னு ஆச்சுன்னா கண்ணு சேர்த்துப் பிடிக்கத் திணறும். பக்கவாட்டுல கொஞ்சம் தள்ளிப்போனா கண்ணு சமாளிக்கும், மேல கீழ போனா சமாளிக்காது, தலைவலி தான். அதனால முன்பக்கம் கல்லு மாதிரி இருக்கணும், காது பக்கம் கம்பி மாதிரி வளையணும். என்கிட்ட குடுத்தா நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு: காதுக்குப் பின்னாடி வர்ற கடைசி ரெண்டு இன்ச்சுல எந்த எலக்ட்ரானிக்ஸும் வைக்காத, வெறும் கம்பியும் ரப்பரும் போடு, மீதிய கடைக்காரங்க பாத்துக்குவோம்.

மூக்குத்தடம்:
அக்கா, கையெடுத்துக் கும்பிடுறேன். இதைத்தான் ஆறு மாசமா தேடினேன். நான் என்ன பண்ணேன் தெரியுமா, முன்பக்கம் கனமா இருக்குல்ல, பின்னாடி கனம் வச்சா தராசு மாதிரி சமமாயிரும்னு ரெண்டு கால் நுனிலயும் ஒவ்வொரு பத்து ரூபா காயின டேப் போட்டு ஒட்டினேன். லேசா பரவால்லன்னு தோணுச்சு. ஆனா லேசா தான்.

கோவை_லேத்:
லேசா தான் இருக்கும். கணக்கு போடுவமா? கண்ணாடி 80 கிராம்னு வைங்க, இப்ப வர்றதெல்லாம் அந்த அளவுதான், எக்ஸ்ரியல் ஏர் 79, ரோகிட் மேக்ஸ் 75. காதுக்கும் மூக்குக்கும் 10 செண்டிமீட்டர்னா, கனத்தோட நடுப்புள்ளி காதுல இருந்து 9 செண்டிமீட்டர் முன்னாடி. அப்ப மூக்கு தாங்கறது 72 கிராம், காது 8. உங்க ரெண்டு காயினும் சேந்து 15 கிராம் சொச்சம், காதுக்குப் பின்னாடி 4 செண்டிமீட்டர்ல. 15ஐ 4ஆல பெருக்கி 10ஆல வகுத்தா 6 கிராம். மூக்குல 72 போயி 66 ஆச்சு. 15 கிராம் ஏத்தி 6 கிராம் எறக்கியிருக்கீங்க. இருவது ரூபாய்க்கு இவ்ளோ தானுங்க வரும் :)

பின்னாடி கனம் வைக்கறது தப்புன்னு சொல்லல. தலையச் சுத்தி வர்ற பட்டைன்னா பின்னாடி ரொம்ப தூரத்துல வைக்கலாம், அங்க வேலைக்கு ஆகும். ஆப்பிள் விஷன் புரோன்னு தலைல மாட்டற கருவிக்கு 2025ல விட்ட புதுப் பட்டைல டங்ஸ்டன் கனம் வச்சிருக்காங்க, அதனாலதான். ஆனா அது 600 கிராமுக்கு மேல வர்ற சாமான், பேட்டரிய வேற தனியா பாக்கெட்ல போட விட்டுட்டாங்க.

நமக்கு வேணுங்கறது மூணாவது ஒரு தாங்கல். நெத்தி. 2011ல சோனி விட்ட எச்எம்இசட்-டி1னு தலைல மாட்டற ஸ்க்ரீன் 420 கிராமு, அது நெத்தில ஒரு பேடு வச்சுத்தான் தாங்குச்சு. நெத்தி எலும்பு பரப்பு பெருசு, வலி தெரியாது, நம்ம ஊர்ல மூட்டை தூக்கறவங்க யாராச்சும் மூக்குல தூக்கறாங்களா? அதுக்கும் முன்னாடி 1968ல ஐவன் சதர்லேண்ட்னு அமெரிக்க கம்ப்யூட்டர் விஞ்ஞானி செஞ்ச இந்த மாதிரி கருவிய சீலிங்ல இருந்து எறங்கற கம்பியோட தான் தலைல மாட்டினாங்க.

மூக்குத்தடம்:
எங்க வீட்டு ஹால்ல தொட்டில் கொக்கி சும்மாதான் கெடக்கு. ஐடியா குடுத்துட்டீங்க.

நைட்ஷிப்ட்:
நான் இதை ட்ரெயின்ல அப்பர் பெர்த்துல மல்லாக்கப் படுத்துத் தான் பாப்பேன். அப்ப மூக்குல இருந்து வழுக்காது, நழுவாது, அருமை. ஒருக்களிச்சுப் படுத்தா கண்ணாடி கால் தலகாணில முட்டி கோணிரும், அக்கா சொன்ன மேல-கீழ தலைவலி அதுதான் போல, இப்பத்தான் புரியுது.

என் கம்ப்ளைன்ட் வேற. ஸ்க்ரீன ஒரே எடத்துல நிக்க வைக்கிற மோடு இருக்குல்ல, தலைய திருப்பினா படம் அங்கயே நிக்கும், வீட்ல செம்மையா இருக்கும். அதைப் போட்டுட்டு பஸ்ல வால்பாறை போனேன். 40 கொண்டை ஊசி வளைவு. பஸ் திரும்புறது கண்ணாடிக்கு என்ன தெரியும், நான் தலைய திருப்புறேன்னு நெனச்சுக்கிட்டு ஸ்க்ரீன அந்தப் பக்கமே விட்டுட்டு வந்துருது, ஒவ்வொரு வளைவுலயும் படம் ஜன்னல் வழியா வெளிய போயிட்டே இருக்கு, நான் கழுத்த ஒடிச்சு தொரத்துறேன், ஒம்பதாவது வளைவுல ஆழியாறுல சாப்ட்ட புரோட்டா வெளிய வந்துருச்சு. அப்பறம் தான் பாத்தேன், முகத்தோடயே ஒட்டி வர்ற மோடு தனியா இருக்குன்னு. வண்டில இருக்கோம்னு அதுவே கண்டுபிடிச்சு மாறிக்கக் கூடாதா? போன்ல ஜிபிஎஸ் இருக்கு, ஓடுது திரும்புதுன்னு அதுக்குத் தெரியும், கண்ணாடிக்கு ஒரு வார்த்தை சொன்னா என்ன?

வெள்ளைவேட்டி:
வணக்கம். எனக்கு வயது 61, பணி ஓய்வு. பையன் வாங்கிக் கொடுத்தான். எல்லாரும் குறையே சொல்கிறீர்கள், ஒரு நல்லது சொல்கிறேன். எனக்கு போன் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளெழுத்துக் கண்ணாடி வேணும். இதில் அது இல்லாமலேயே எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. கண்ணுக்கு இரண்டு அங்குலம் முன்னாடி இருக்கிற படம் எப்படித் தெரிகிறது என்று இன்றுவரை புரியவில்லை.

குறையும் ஒன்று உண்டு. படத்தில் இருட்டுக் காட்சி வந்தால் கீழ்ப்பக்கம் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. முதலில் ரிப்பேர் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அது என் வேட்டி.

கண்ணாடிக்கடை:
ஐயா, பேனல் கிட்ட இருந்தாலும் லென்ஸ் அந்த படத்த மூணு நாலு மீட்டர் தள்ளி நிக்கிற மாதிரி காட்டுது. உங்களுக்கு தூரப்பார்வை நல்லாருக்கு, அதான் தெரியுது. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைங்களுக்கு இது உல்டா, பவர் போடாம ஒண்ணும் தெரியாது. சிலதுல திருகு வச்சிருக்கான், மைனஸ் 5, 6 வரைக்கும் திருப்பிக்கலாம், ஆனா சிலிண்டர் பவர் (ஒரு திசைல மட்டும் வேற பவர்) இருக்குறவங்களுக்குத் திருகு உதவாது, தனி லென்ஸ் வெட்டி உள்ள மாட்டணும். அது மாட்டினா கண்ணு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும், ஓரம் மங்கும், இமை முடி லென்ஸ்ல உரசும். இன்னொண்ணு, ரெண்டு கண்மணிக்கும் நடுவுல உள்ள தூரம், நாங்க பி.டி.ன்னு சொல்லுவோம், சராசரி 63 மில்லிமீட்டர், ஆனா 54ம் வரும் 74ம் வரும். எல்லாருக்கும் ஒரே அளவுல செஞ்சா ரெண்டு ஓரத்துல இருக்குறவங்களுக்கு மூலை தெரியாது. இப்ப எக்ஸ்ரியல் ஒன் புரோ ரெண்டு சைஸ்ல விக்கிறாங்க. செருப்பு கூட பத்து சைஸ்ல வருது.

கோவை_லேத்:
ஐயா, உங்க வேட்டி மேட்டர் தான் இந்த இழைலயே பெஸ்ட்டு. காரணம் சொல்றேன்.

உள்ள இருக்கற அமைப்புக்கு பேர்ட்பாத்னு பேரு, குருவி குளிக்கற தொட்டி. மேல புருவத்துக்குப் பக்கத்துல குட்டி ஓஎல்இடி பேனல் கீழ பாத்து இருக்கும். நடுவுல 45 டிகிரி சாய்ச்சு பாதி கண்ணாடி பாதி ஆடின்னு ஒரு தகடு. அது வெளிச்சத்த முன்னாடி தள்ளும், முன்னாடி வளைஞ்ச இன்னொரு பாதி ஆடி, அதுல பட்டு திரும்பி தகடு வழியா உங்க கண்ணுக்கு. சாஞ்ச தகட்டுக்கு அடிப்பக்கமும் இருக்குல்லங்க? கீழ இருந்து, உங்க மடில இருந்து மேல வர்ற வெளிச்சம் அதுல பட்டு நேரா கண்ணுக்குள்ள வந்துரும். ட்யூப் லைட்டுக்குக் கீழ வெள்ளை வேட்டி கட்டி உக்காந்தா வேட்டியும் ஒரு ஸ்க்ரீன் தான். சட்டை, பேப்பர், சாப்பாட்டுத் தட்டு எல்லாம் தெரியும்.

இன்னொண்ணு, வெளிச்சம் வீணாகறது. தகட்டுல பாதி போச்சு, முன்னாடி ஆடில பாதி வெளிய போச்சு, திரும்பி வர்றப்ப தகட்டுல மறுபடி பாதி. சாதா கணக்குல எட்டுல ஒரு பங்கு தான் கண்ணுக்கு. போலரைசர், அதாவது ஒரே வாட்டத்துல அதிர்ற வெளிச்சத்த மட்டும் விடற தகடு, அதை வச்சு வித்தையெல்லாம் பண்ணி கொஞ்சம் மீட்கறாங்க, ஆனாலும் பெரும்பங்கு போயிருது. போனது எங்க போச்சுன்னா கொஞ்சம் சூடா, கொஞ்சம் எதுத்தாப்ல இருக்கறவங்க மூஞ்சிக்கு.

பனங்கொட்டை:
அது உண்மை. நான் ரொறொன்ரோவில இருக்கிறன், வேலைக்கு பஸ்ஸில போகேக்க இதைத்தான் பாவிக்கிறனான். ஒருநாள் எதிர் சீற்றில இருந்த சின்னப்பிள்ளை என்ரை முகத்தையே பாத்துச் சிரிச்சுக்கொண்டிருந்துது, நானும் சிரிச்சன், பிறகுதான் விளங்கிச்சு அது என்னைப் பாத்துச் சிரிக்கேல்லை, என்ரை கண்ணாடியில படம் பாத்துக்கொண்டிருக்குது எண்டு. நான் காசு குடுத்து வாங்கினது, ஓசியில ரெண்டுபேர் பாக்கினம். முன்னுக்கு ஒரு மூடி போட்டால் நிக்கும், ஆனால் மூடி போட்டால் என்ரை ஸ்டொப் வந்ததும் தெரியாது.

குளிர் காலத்தில வெளியால நிண்டு பஸ்ஸுக்குள்ள ஏறினா உடன கண்ணாடியில பனிப்புகார் பிடிச்ச மாதிரி ஆகிடும், துடைக்கிறதுக்கு உள்ளுக்குக் கை போகாது. அதுக்கும் ஆராவது வழி செய்யவேணும்.

ரெண்டாம்பெஞ்ச்:
இதுக்கெல்லாம் ஒரே பதில் வேவ்கைடு, மெல்லிசான கண்ணாடித் தகட்டுக்குள்ளயே வெளிச்சத்த ஓட விட்டு கண்ணுக்குக் கொண்டு வர்ற முறை. பேர்ட்பாத் எல்லாம் பழசு. மெட்டா ரே-பேன் டிஸ்ப்ளே பாருங்க, சாதா கண்ணாடி மாதிரியே இருக்கு, 69 கிராம், 5000 நிட்ஸ் வெளிச்சம், வெயில்லயும் தெரியுது, எதுத்தாப்ல இருக்கறவனுக்கு கிட்டத்தட்ட ஒண்ணுமே தெரியாது. ரெண்டு வருசத்துல எல்லாம் அதுல தான் வரும், இந்த இழையே வேஸ்ட்.

கோவை_லேத்:
தம்பி அது நல்ல பொருள் தான், நான் இல்லைங்கல. ஆனா அதுல படம் வலது கண்ணுக்கு மட்டும், 600க்கு 600 புள்ளி, 20 டிகிரி. மெசேஜ் பாக்கலாம், வழி பாக்கலாம். ரெண்டரை மணி நேரப் படத்த ஒத்தைக் கண்ணுல தபால் தலை சைஸ்ல பாப்பீங்களா? 2013ல கூகுள் கிளாஸ் வந்தப்பவும் இதே பேச்சு தான், 1500 டாலரு, அதுவும் ஒத்தைக் கண்ணு. வேவ்கைடுல வெளிச்சம் வீணாகறது பேர்ட்பாத்த விட பல மடங்கு ஜாஸ்தி, அதை 50 டிகிரிக்கு ரெண்டு கண்ணுக்கும் இழுத்து சினிமா கலர் குடுக்கணும்னா நாள் ஆகும். நடுவுல ஒரு வழி இருக்கு, தட்டையான ப்ரிசம். அந்த ஒன் புரோல அதுதான், 57 டிகிரி, தடிமனும் கம்மி, கீழ இருந்து வர்ற வேட்டி வெளிச்சமும் நல்லாவே கொறையுது. அந்த வழில போறது தான் சரின்னு எனக்குப் படுது.

ரெண்டாம்பெஞ்ச்:
சரி, ஒத்தைக் கண்ணு மேட்டர் ஒத்துக்கறேன். ஆனா 70 டிகிரிய விட மாட்டேன்.

நைட்ஷிப்ட்:
சூட்ட பத்தி யாரும் பேசல. மே மாசம் வேலூர்ல ஃபேன் மட்டும் போட்டு மாட்டிப் பாருங்க. புருவத்துக்கு மேல இஸ்திரி பெட்டி. அப்பறம் அதுவா வெளிச்சத்தக் கொறச்சுக்கும்.

கோவை_லேத்:
ஆமாங்க. ஏசி ரூம் 24 டிகிரில கண்ணாடி 42 வரைக்கும் போகுதுன்னா, வித்தியாசம் 18. அதே வாட்டுக்கு 36 டிகிரி ரூம்ல கிட்டத்தட்ட 54 போகும். ஏசி ரூம்ல டெஸ்ட் பண்ணிட்டு ஓகேன்னு அனுப்பினா நம்மூர்ல நெத்தி வேகும். போர்ட கண்ணாடில வைக்காம ஒயர் நடுவுல ஒரு குட்டி டப்பால வைக்கட்டும், சட்டைல கிளிப் போட்டுக்கலாம், கனமும் போச்சு சூடும் போச்சு. ஒயரு எப்படியும் இருக்கு, அதை ஏன் சும்மா தொங்க விடணும்?

மூக்குத்தடம்:
ஒயர்னு சொன்னதும் ஞாபகம் வருது, போன்ல இருக்கறது ஒரே ஓட்டை, கண்ணாடிய சொருகினா சார்ஜ் போட முடியல. அந்த டப்பாலயே சார்ஜ் ஓட்டையும் வச்சா ஒரே கல்லுல மூணு மாங்கா. வாங்கப் போறவங்க ஒண்ணு கவனிங்க, டைப்-சி இருந்தா போதும்னு நெனச்சு வாங்கிராதீங்க, வீடியோ வெளிய விடுற போனா இருக்கணும், வெல கம்மியான ஆண்ட்ராய்டு நிறைய விடாது. ஐபோன்ல 15ல இருந்து ஆச்சு. என் தம்பி போன்ல சொருகினா சார்ஜ் ஏறுற சத்தம் மட்டும் வருது, போன் கண்ணாடிய சார்ஜ் பண்ணுதோ கண்ணாடி போன சார்ஜ் பண்ணுதோ.

மூக்குத்தடம்:
மூணு வாரம் கழிச்சு அப்டேட். அக்கா சொன்னபடி பக்கத்துல உள்ள கண்ணாடிக் கடைக்குப் போனேன், அவரு முதல்ல இது நம்ம ஐட்டம் இல்ல தம்பின்னு தொடவே மாட்டேன்னுட்டாரு, அப்பறம் டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சு பேசினேன். பெரிய அகலமான சிலிக்கோன் பேடு ஒண்ணு, பழைய ஃப்ரேம்ல இருந்து கழட்டினது, அதை வெட்டி ஒட்டிக் குடுத்தாரு. கால் நுனில காது கொக்கி ரப்பர், குழந்தைங்க கண்ணாடிக்குப் போடுறது, நாப்பது ரூபா. நெத்திக்கு நானே மொபைல் கவர் ஃபோம வெட்டி மேல் விளிம்புல ஒட்டிட்டேன், பாக்கறதுக்கு அசிங்கம் தான், ஆனா இப்ப நெத்தி தாங்குது. காயின ரெண்டையும் எடுத்து அந்த டீக்குக் குடுத்தாச்சு.

நேத்து ஒரு மணி அம்பது நிமிசம் பாத்தேன். பள்ளம் இருக்கு, ஆனா செவப்பு இல்ல. கிளைமாக்ஸ் முன்னாடி போன்ல சார்ஜ் போயிருச்சு.

கண்ணாடிக்கடை:
நெத்தி ஃபோம வாரம் ஒருக்கா மாத்துங்க தம்பி, வேர்வைல நெத்தில பொரிப் பொரியா வந்துரும். ஃபோம் தடிமனா இருந்தா படத்தோட மேல் மூலை வெட்டுப்படும், பாத்துக்கங்க.

மூக்குத்தடம்:
ஆமாக்கா, வெட்டுப்பட்டுச்சு, பாதியா சீவிட்டேன். வெள்ளைவேட்டி ஐயா, உங்களுக்கு ஒரு யோசனை, ராத்திரி படம் பாக்கறப்ப வேட்டிய மாத்திட்டு கைலி கட்டிக்கோங்க, அடர் கலர்ல.

வெள்ளைவேட்டி:
கட்டிப் பார்த்தேன் தம்பி. கட்டம் தெரிகிறது.